வேற்றாள்

மூன்று கண்ணாடி டம்ளர்களையும் மருமகன் மூன்றாவது முறையாக அலசிக்கொண்டிருந்தான். சோப்பு போடக் கூடாது. வெந்நீரில் ஒருமுறை, பச்சைத் தண்ணீரில் இருமுறை அலச வேண்டும். துணியால் துடைக்கக் கூடாது. துணியின் வாசனை கண்ணாடியில் ஏறிவிடும். கவிழ்த்து வைத்துத் தானாக உலரவிட வேண்டும். இதெல்லாம் உள்ளறைக் கட்டிலிலிருந்து வந்த கட்டளைகள். குரல் காற்றிறங்கிய ட்யூப் மாதிரி ஆகியிருந்ததே தவிர, அதிகாரம் இறங்கவில்லை.

"மாப்ள, மூணும் ஒரே மாதிரி டம்ளர்தானே?"

"ஒரே செட்டு அத்தை. நீங்க வாங்கினதுதான்."

"ஒண்ணுல விளிம்புகிட்ட கீறல் இருக்கும். அதை எடுத்துட்டு வேற வைங்க. நான் கீறலைப் பாத்துக் கண்டுபிடிச்சேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது."

நாளைக்கு என்ற சொல் அறைவாசலில் நின்றிருந்த மகளின் காதிலும் விழுந்தது. அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கீறல் விழுந்த டம்ளரைத் தேடி எடுத்துத் தனியே வைத்தான். அன்று காலை வந்த நர்ஸ் நாடி பார்த்து, மருந்து கொடுத்து, படியிறங்கும்போது அவனிடம் மட்டும் சொல்லியிருந்தாள்: "இனிமே எது கேட்டாலும் வேணாம்னு சொல்லாதீங்க." இரண்டாவது மாடியிலிருந்து வாசல்வரை அவளோடு இறங்கிப் போனவன், திரும்பி ஏறி வர நேரமாயிற்று. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. லிஃப்ட் மெக்கானிக் மாப்பிள்ளை இருக்கும் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை என்பது அத்தைக்குப் பதினான்கு வருடமாகச் சலிக்காத ஜோக்.

அன்று புதன்கிழமை. மணி பதினொன்று. மாலை மூன்று மணிவரை அத்தைக்கு அவகாசம் இருந்தது.

உயிருக்கல்ல, பத்திரிகைக்கு. வெள்ளிதோறும் வரும் வார இதழ் ஒன்றில் ஒன்பது வருடமாக அவள் ஒரு பத்தி எழுதி வந்தாள். 'கைக்கும் வாய்க்கும்' என்று பெயர். வாரத்துக்கு ஒரு விலை குறைந்த ஒயின். அதோடு வீட்டில் செய்த சாதாரணச் சாப்பாடு ஒன்று. அவித்த முட்டை, பயறு சூப், பொரித்த மீன், நேற்றைய ரொட்டியைச் சுட்டு வெண்ணெய் தடவியது. எது எதோடு சேரும், எது சேராது, ஏன். அவ்வளவுதான். ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகப் போடும் பூ, பழம், மரப்பெட்டி எதுவும் அதில் வராது. அவள் உறவுமுறை போட்டுத்தான் எழுதுவாள்.

'இது சித்தப்பா வகை. வந்ததும் சத்தம், சிரிப்பு, தோளில் தட்டல். பத்து நிமிடத்தில் ஆளைக் காணோம்.' 'இது நாத்தனார். முதல் வாய் சுருக்கென்று இருக்கும். சாப்பாட்டை எதிரே வைத்துவிட்டால் சமாதானம் ஆகிவிடும்.' 'இது ஒன்றுவிட்ட மாமா. எந்தப் பந்தியிலும் உட்காருவார். யாருக்கும் முகம் நினைவிருக்காது.' விலை கூடின பாட்டில் எதையாவது யாராவது பரிசாகக் கொடுத்தால் அது எப்போதும் சம்பந்தி. 'பயந்து பயந்து பரிமாற வேண்டும்.'

ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒருமுறை பேருந்தில் முன்சீட்டில் இருந்த இரண்டு பெண்கள், "நேத்து ஒரு பெரியம்மா வாங்கினோம், இன்னும் தலை வலிக்குது" என்று பேசிக்கொண்டதை மருமகன் கேட்டு வந்து சொன்னான். அன்று அத்தை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

ருசி அவளுக்குத் தொழிலாக இருந்தது. குழந்தைகளுக்கான இருமல் மருந்து செய்யும் ஆலையில் முப்பத்தொரு வருடம் வேலை. ஒவ்வொரு கொதிகலன் மருந்தையும் வாயில் வைத்து, புரட்டி, துப்பி, சரியா இல்லையா என்று சீட்டில் குறிக்க வேண்டும். "குழந்தைங்க துப்பாம இருக்கணும்னு நான் துப்பினேன்" என்பாள். ஆலையில் ஒரு சோதனை உண்டு. மூன்று கோப்பை வைப்பார்கள். இரண்டில் ஒரே மருந்து, ஒன்றில் மட்டும் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். மேலே இருப்பவர்கள் அதற்கு ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். வேலை செய்தவர்கள் வைத்த பெயர் 'வேத்தாள்'. "வேத்தாள் யாரு, சொல்லு" என்பார்கள். அந்த முப்பத்தொரு வருடத்தில் அவள் தவறவிட்ட வேத்தாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மகளைக் கட்டிக்கொண்டு அவன் இந்த வீட்டுக்குள் பெட்டியோடு வந்த முதல்நாள், சாப்பாட்டு மேசையில் மூன்று பேராக உட்கார்ந்தபோது, அத்தை ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு, "மூணுல வேத்தாள் யாருன்னு சொல்றது இன்னிக்கு ரொம்ப சுலபம்" என்றாள். மகள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. வாங்க மாப்ள, சாப்பிடுங்க மாப்ள, உப்பு அள்ளிக் கொட்டிட்டீங்க மாப்ள.

ஏழு மாதத்துக்கு முன் மருத்துவமனையில் கொடுத்த மருந்து அவள் நாக்கைக் கொன்றுவிட்டது. சாப்பாடு ஈர அட்டை மாதிரி இருந்தது. தண்ணீர் காசை வாயில் போட்ட மாதிரி இருந்தது. அந்த வாரமே ஆசிரியருக்கு எழுதிப் பத்தியை நிறுத்திக்கொண்டாள். அந்த இடத்தில் இப்போது வேறொருவர் எழுதினார். படத்தில் எப்போதும் கோட்டு போட்டிருப்பதால் வீட்டில் அவருக்குக் கோட்டு என்றே பெயர். அந்தப் பெயர் ஆசிரியர் காதுவரை போயிருந்தது. மழைக்குப் பிந்தைய சரளைக்கல் வாசனை என்று ஒருமுறை எழுதியிருந்தார். "சரளைக்கல்லை நக்கிப் பாத்த ஆளு போல" என்றாள் அத்தை, வாந்திக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே.

நான்கு மாதத்துக்கு முன் ஒருநாள், நாக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கிறது என்று வேத்தாள் வைக்கச் சொன்னாள். ஆறு தடவை வைத்தார்கள். ஆறில் ஒன்றுதான் சரி. அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. நோய் இன்னதென்று சொன்னபோதுகூட அவள் அப்படிப் படுக்கவில்லை.

மருந்தை நிறுத்தி இருபத்து நான்கு நாள் ஆகிவிட்டது. இனிப் பயனில்லை என்று நிறுத்தியது. போன திங்களன்று தண்ணீர் கொடுத்தபோது, "காசு வாசனை இல்லையே" என்றாள். செவ்வாய் அன்று ஒரு துளி உப்பை நாக்கில் வைக்கச் சொல்லி, வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அன்று காலை ஆசிரியருக்குப் போன் போடச் சொன்னாள்.

ஆசிரியர் நல்ல மனிதர். விஷயம் அவருக்குத் தெரியும். "அம்மா, நீங்க ஏன் சிரமப்படறீங்க? உங்க பேர்ல நாங்களே நாலு வரி எழுதி நன்றி, வணக்கம்னு போட்டுடறோம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றார்.

"நான் நினைப்பேன்" என்றாள் அத்தை. "மூணு மணி வரைக்கும் எடத்தைப் பிடிச்சு வைங்க. ருசி தெரிஞ்சா எழுதுறேன். தெரியலன்னா அந்த எடத்தை வெறுமனே விட்டுடுங்க. வெள்ளையா இருந்தா ஜனங்களுக்குப் புரிஞ்சிடும். ருசிக்காததை ருசிச்சேன்னு ஒரு வரி என் பேர்ல வரக் கூடாது."

இப்போது அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. மருமகன் வெங்காயத்தை மெல்லிய வளையமாக அரிந்து சட்டியில் போட்டான். இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் தொடக்கத்திலிருந்தே அவனுடையது. அத்தைக்குச் சமைக்க வராது. "ருசி பாக்கத் தெரிஞ்சவளுக்குச் சமைக்கவும் தெரியணும்னு சட்டமா?" என்று கேட்பாள். ஒன்பது வருடப் பத்தியில் வந்த சாப்பாடெல்லாம் அவன் கை. ஒருமுறைகூட அவள் அதை எழுதியதில்லை. 'எங்கள் வீட்டில் வேகவைத்தது' என்பதோடு சரி.

மேடையில் இரண்டு பாட்டில்கள் நின்றன. ஒன்று திருகுமூடி போட்டது, மற்றது தக்கை வைத்தது. இரண்டும் சிவப்பு. இரண்டும் கடையில் மலிவானவை. இரண்டையும் இதற்கு முன் அவள் ருசித்ததில்லை. ஒன்றிலிருந்து இரண்டு டம்ளருக்கும், மற்றதிலிருந்து ஒன்றுக்கும் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு டம்ளருக்கும் அடியில் ஒட்டுத்தாளில் எண் எழுதி ஒட்ட வேண்டும். எழுதினான். 417, 905, 263.

திருகுமூடியைத் திறந்து முதல் டம்ளரில் இரண்டு விரல்கடை ஊற்றினான். இரண்டாவதில் ஊற்றினான். தக்கை பாட்டிலைக் கையில் எடுத்தான். திறப்பானை மாட்டினான்.

அங்கேயே நின்றான்.

ஆறுக்கு ஒன்று. சுவரைப் பார்த்துத் திரும்பிய முகம். இன்றைக்கும் அந்த முகம் சுவர்ப்பக்கம் திரும்பினால், மறுபடி இந்தப் பக்கம் திரும்புமா என்று அவனுக்குத் தெரியவில்லை. நாக்கு தனக்கு முன்னால் போய்விட்டது என்று தெரிந்துகொண்டு ஒரு மனுஷி போக வேண்டுமா? லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் அவன் எப்போதும் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "இதோ, ரெண்டு நிமிஷம்." அது ஒருநாளும் உண்மையாக இருந்ததில்லை. ஆனால் உள்ளே இருப்பவர்கள் மூச்சுவிடுவார்கள்.

திறப்பானைக் கழற்றி வைத்தான். திருகுமூடி பாட்டிலிலிருந்தே மூன்றாவது டம்ளரிலும் ஊற்றினான். மூன்றும் ஒன்று. அவள் எதைக் காட்டினாலும் சரி என்று சொல்லிவிடலாம். அவ்வளவுதான் காரியம்.

தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனபோது டம்ளர்கள் ஒன்றோடொன்று தட்டிச் சன்னமாகச் சத்தமிட்டன. 

மகள் தலையணைகளை அடுக்கி அம்மாவை உட்கார்த்தி வைத்திருந்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை அவளுக்கு. இரண்டு வாரமாக விடுப்பு. மடியில் லேப்டாப். ஜன்னலிலிருந்து வெயில் போர்வைமேல் சதுரமாக விழுந்திருந்தது. அதில் வைத்திருந்த அத்தையின் கைகள் காய்ந்த சருகாக இருந்தன.

"நீ அந்தப் பக்கம் திரும்பு" என்றாள் மகளிடம். "உன் மூஞ்சி காட்டிக் குடுத்துடும்."

"எனக்கே தெரியாதும்மா எது எதுன்னு."

"தெரியாத மூஞ்சியும் ஒண்ணைக் காட்டிக் குடுக்கும். திரும்பு."

மகள் லேப்டாப்போடு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மருமகன் முதல் டம்ளரிலிருந்து ஒரு தேக்கரண்டி எடுத்து அவள் உதட்டருகே கொண்டுபோனான். அவள் கண்ணை மூடி வாங்கிக்கொண்டாள். கன்னம் உள்ளே போயிற்று, வெளியே வந்தது. தொண்டைக் குழி அசையவில்லை. அவன் நீட்டிய கிண்ணத்தில் துப்பினாள். தண்ணீர் ஒரு கரண்டி. இரண்டாவது டம்ளர். துப்பல். தண்ணீர். மூன்றாவது.

பிறகு கண்ணை மூடியபடியே இருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று அவன் குனிந்து பார்த்தான்.

"முதல்ல இருந்து" என்றாள்.

மறுபடி முதல். மறுபடி இரண்டாவது. மறுபடி மூன்றாவது. புருவங்கள் நெருங்கின. முகத்தில் ஏதோ ஒன்று இறுகியது. அவனுக்கு நான்கு மாதத்துக்கு முந்தைய முகம் ஞாபகம் வந்தது. சொல்லிவிடலாமா என்று நினைத்தான். அடுப்பில் வெங்காயம் இருப்பது அடியோடு மறந்துபோயிற்று.

"நடு டம்ளர் இன்னொரு தடவை."

கொடுத்தான். இந்த முறை அவள் துப்பவில்லை. மெதுவாக விழுங்கினாள். கண்ணைத் திறந்து அவனையே பார்த்தாள்.

"எது வேத்தாள் அத்தை?" என்றான். 'சரி' என்ற சொல் ஏற்கனவே அவன் நாக்கு நுனியில் ஏறி உட்கார்ந்திருந்தது.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்வை அவன் நெற்றி வேர்வைக்குப் போய், கைக்கு இறங்கி, மூன்று டம்ளர்களிலும் ஒருமுறை நின்று, முகத்துக்குத் திரும்பி வந்தது. உதட்டோரம் துடித்தது.

"மூணும் ஒண்ணுதானேடா," என்றாள், "திருட்டுப் பயலே!"

ஜன்னல்பக்கம் திரும்பியிருந்தவள் சடாரென்று திரும்பினாள். "அம்மா!"

பதினான்கு வருடத்தில் முதல் 'டா' அது. மருமகன் கையில் கரண்டியோடு பள்ளிக்கூடப் பையன்போல நின்றான்.

"நிஜமாவா?" என்று கேட்டாள் மகள். "மூணுலயும் ஒண்ணையா ஊத்தினீங்க?"

அவன் தலையை ஆட்டினான்.

அத்தை சிரித்தாள். சிரிப்பு பெரிதாகக் கிளம்பி இருமலாக மாறி, அவளைக் குலுக்கி எடுத்தது. அவன் ஓடி முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். முதுகெலும்பு ஒவ்வொன்றும் உள்ளங்கையில் தனித்தனியாகத் தட்டுப்பட்டது. இருமல் அடங்கியதும் அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க அத்தை. இதோ, ஒழுங்கா ஊத்திக் கொண்டாறேன்."

"எதுக்கு? ஒழுங்கா ஊத்தியிருந்தீங்கன்னா என்ன ஆகியிருக்கும் மாப்ள? மூணுல ஒண்ணைக் காட்டியிருப்பேன். சரியா இருந்தாலும், குருட்டாம்போக்கில வந்துச்சோன்னு சந்தேகம் இருந்துக்கிட்டே இருக்கும். ஆலையில முப்பத்தொரு வருஷத்துல இப்படி ஒரு சோதனை எனக்கு எவனும் வெக்கல. இருக்கிற வேத்தாளைச் சொல்லிடலாம். இல்லாத வேத்தாளை இல்லைன்னு சொல்லணும்னா, நாக்கு முழுசா இருக்கணும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். கண்கள் பளபளத்தன. "வந்துடுச்சுடி. முழுசா வந்துடுச்சு. ஏழு மாசம் ஊர் சுத்திட்டு, கைல பையோட வந்து நிக்குது."

மகள் எழுந்து வந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். அழவில்லை. கால்விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன கருகுது?" என்றாள் அத்தை.

அவன் சமையலறைக்கு ஓடினான். வெங்காய வளையங்கள் ஓரமெல்லாம் கறுத்துச் சட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தன. நல்லதாக இருந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து குரல் வந்தது: "எதையும் தூக்கிப் போடாதீங்க மாப்ள! கருகினதையும் சேத்துக் கொண்டாங்க!"

கிழங்கை வெண்ணெயும் உப்பும் போட்டு மசித்தான். மேலே வெங்காயத்தைப் பரப்பினான். கறுத்தது, பழுப்பு, பொன்னிறம் எல்லாம் கலந்து கிடந்தது. அத்தை கால் கரண்டி கிழங்கை நாக்கில் வைத்து, கரைய விட்டு, ஒரு கரண்டி ஒயினைப் பின்னாலேயே அனுப்பினாள்.

"அட" என்றாள்.

இன்னொரு கால் கரண்டி. இந்த முறை கறுத்த வளையத்தில் ஒரு துணுக்கு வேண்டுமென்று விரலால் காட்டினாள்.

"பொன்னிறமா வதக்கினதோட சும்மா இருக்கு. கருகினதோடதான் பேசுது. இப்ப நான் சொல்லச் சொல்ல எழுது."

மணி ஒன்று இருபது. அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தி மூச்செடுத்தாள். மகளின் விரல்கள் அதுவரை காத்திருந்தன. பேசும்போது வீட்டுப் பேச்சு. எழுதச் சொல்லும்போது அச்சுத் தமிழ். எப்போதும் அவள் வழக்கம் அதுதான்.

"'ஏழு மாதமாக என் நாக்கு வேலைக்கு வரவில்லை. இன்று வந்துவிட்டதா என்று பார்க்க மூன்று டம்ளர் வைக்கச் சொன்னேன். வீட்டில் சமைப்பவர் என் மருமகன். ஒன்பது வருடமாக இங்கே நீங்கள் படித்த சாப்பாடெல்லாம் அவர் செய்தவை. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். நான் தோற்றுவிடுவேன் என்று பயந்து, அவர் மூன்றிலும் ஒரே ஒயினை ஊற்றிவிட்டார். மூன்றில் வேற்றாள் இல்லை என்பதே விடை. சொல்லிவிட்டேன். அவரைத் திருட்டுப் பயல் என்றும் சொன்னேன்.'"

"இதையெல்லாம் போடணுமா அத்தை?" என்றான் மருமகன். "ஊர் பூரா படிக்கும்."

"படிக்கட்டும். மறுபடி திருடாம இருப்பீங்க."

"பாட்டில் பேரு, எடம் எல்லாம் நான் சேத்துக்கறேன்" என்றாள் மகள். "அப்புறம்?"

"'உருளைக்கிழங்கை மசியுங்கள். வெங்காயத்தை அடுப்பில் வைத்துவிட்டு, வீட்டில் யாருக்காவது ஏதாவது சந்தோஷம் வந்தால் அங்கே போய்விடுங்கள். ஓரம் கருகட்டும். அந்தக் கசப்புக்குத்தான் இது சேரும்.'"

"உறவு என்ன போடறது?"

அத்தை கண்ணைத் திறந்தாள். வெயில் சதுரம் போர்வையிலிருந்து தரைக்கு இறங்கியிருந்தது. நாத்தனாரும் சித்தப்பாவும் பெரியம்மாவும் ஒன்றுவிட்ட மாமாவும் வந்துபோன ஒன்பது வருடத்தில் ஒரு உறவுமுறையை மட்டும் அவள் எந்த பாட்டிலுக்கும் போட்டதில்லை. வாசகர்கள் கடிதம் போட்டுக்கூடக் கேட்டிருக்கிறார்கள். "அதை எழுதிட்டு ஞாயித்துக்கெழம பட்டினி கெடக்கச் சொல்றீங்களா?" என்பாள் வீட்டில்.

"மருமகன்னு போடு" என்றாள்.

மகள் விசைப்பலகையில் வைத்த கையை எடுக்காமல் கணவனைப் பார்த்தாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். கருகல் போன பிறகும் சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். உள்ளே அவள் சொல்வது தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே விட்டுவிட்டுக் கேட்டது. முதல் வாயில் மரியாதைக்குத் தள்ளி நிற்கும். பேச்சு குறைவு. காற்றுப் பட்டால் கொஞ்சம் தளரும். எந்த டம்ளரில் ஊற்றி எந்த எண்ணை ஒட்டினாலும்... அவன் குழாயை மூடினான். அதற்குள் அந்த வாக்கியம் முடிந்துவிட்டிருந்தது.

இரண்டு நாற்பதுக்குப் பத்தி ஆசிரியருக்குப் போயிற்று. மூன்றாக ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆசிரியர் கூப்பிட்டார். குரலில் உற்சாகத்தை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "அம்மா, பிரமாதம். கோட்டு சாரை... அதாவது அவரை இந்த வாரம் உள்பக்கத்துக்கு மாத்திட்டேன். ஒரே ஒரு சொல் மட்டும். திருட்டுப் பயல்னு இருக்கே. குடும்பப் பத்திரிகை. குறும்புக்காரர்னு மாத்திக்கட்டுமா?"

மகள் போனை அம்மாவின் வாயருகே பிடித்தாள்.

"ஒரு எழுத்தை எடுத்தாலும் எந்திரிச்சு வருவேன்" என்றாள் அத்தை.

மறுமுனையில் ஆசிரியர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "சரிங்கம்மா. அப்படியே போகும்" என்றார்.

அதற்குப் பிறகு அவள் தலையணைகளைத் தாழ்த்தச் சொன்னாள். தக்கை பாட்டிலை ஞாபகம் வைத்திருந்து கேட்டாள். அவன் திறந்து ஒரு கரண்டி கொடுத்தான். விழுங்கிவிட்டு, "அசல் சம்பந்தி. மலிவான சம்பந்தி" என்று முகத்தைச் சுளித்தாள். மகள் சிரித்தபடி வாயைத் துடைத்துவிட்டாள். உதடு லேசாகச் சிவந்திருந்தது. பிறகு தூங்கினாள். சுவர்ப்பக்கம் திரும்பவில்லை, வாசலைப் பார்த்த மாதிரிப் படுத்திருந்தாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. இருவரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நாலே முக்காலுக்கு ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். தெருவில் பள்ளிக்கூட வேன் நின்று குழந்தைகள் இறங்கும் சத்தம் கேட்டது. வேன் போய்விட்டது. மகள் அம்மாவின் உள்ளங்கையை விரித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"ருசிச்சுட்டுப் போயிட்டாங்க" என்றாள்.

வியாழக்கிழமை அடக்கம் நடந்தது. ஆலையில் கூட வேலை பார்த்த ஆறு பெண்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். அடக்கம் முடிந்து படியேறும்போது அதில் ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டே மருமகனிடம், "நீங்கதான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவராமே?" என்று கேட்டாள். மற்ற ஐந்து பேரும் சிரித்துவிட்டார்கள். துக்க வீடு என்று பிறகுதான் ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. மகள் அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தாள். ஒரு எழுத்தையும் எடுக்கவில்லை. அடியில் சின்ன எழுத்தில், இதைச் சொல்லி எழுதுவித்த அன்று மாலை கட்டுரையாளர் காலமானார் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அன்றைக்கும் தங்கினார்கள். உருளைக்கிழங்கே போடலாம், அந்த ஒயினும் வேண்டும் என்று மகள் சொன்னாள். வீட்டில் இருந்த பாட்டிலில் மிச்சமிருந்தது அத்தனை பேருக்கும் காணாது.

மாலை நாலு மணிக்கு அவன் கடைக்குப் போனான். வழக்கமாகப் போகிற கடைதான், ஆனால் கல்லாவில் அவனைத் தெரியாத ஒருவர் இருந்தார். கடை நிறைய ஆட்கள். பலர் கையில் பத்திரிகை மடிந்து இருந்தது. அவன் பாட்டிலின் பெயரை யோசித்துச் சொல்வதற்குள் கடைக்காரர் கையை விரித்தார்.

"நீங்களும் மருமகனுக்குத்தானே வந்தீங்க?"

அவனுக்கு ஒரு நொடி புரியவில்லை.

"மருமகன் தீந்துபோச்சு சார். காலைல கதவு தெறந்ததுல இருந்து இதே பாட்டுதான். பாட்டில் பேரைச் சொல்லி ஒருத்தர் கேக்கல. மருமகன் இருக்கா, மருமகன் ரெண்டு குடுங்கன்னுதான் கேக்கறாங்க. ஒரு பெரியவர் ஆறு வாங்கிட்டுப் போறாரு. எனக்கு வாய்ச்சதுதான் சரியில்ல, இதாவது நல்லதா இருக்கட்டும்ங்கறாரு." கடைக்காரர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். "வருஷக்கணக்கா யாரும் தொடாம கெடந்த சரக்கு. செவ்வாக்கெழம வரைக்கும் திருப்பி அனுப்பிடலாமான்னு பேசிட்டிருந்தோம். அதோ, அந்த மூலையில அடித்தட்டுல இருந்துச்சு. வேணும்னா பாருங்க, பின்னாடி ஒண்ணு ரெண்டு கெடக்கலாம்."

அவன் மூலைக்குப் போனான். முழங்காலிட்டுக் குனிந்தான். தட்டு ஆழமாக, இருட்டாக இருந்தது. வேலைக்குப் போகும்போது சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் சின்ன டார்ச்சை எடுத்து, லிஃப்டுக் குழிக்குள் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து, வெளிச்சத்தை உள்ளே அனுப்பினான்.

பாட்டில் எதுவும் இல்லை. பழுப்பாகப் படிந்திருந்த தூசியில், பாட்டில் இருந்த இடமெல்லாம் சுத்தமான வட்டங்கள். முன்வரிசையில், அதற்குப் பின்னால், அதற்கும் பின்னால், சுவர் வரைக்கும் வட்டங்கள்.